சோளகத்தில் வராத படங்கள்

ஏப்ரல் 15

இந்த நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்து நிற்கும். வருடப்பிறப்பை ஒட்டி ஒரு முறை, ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. நடுப்பகலில் பனையின் நிழல் பனையின் காலடியிலேயே கிடக்கிறது. ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் கண்குழிகள் இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். அதிகாலையும் பின்னேரமும்தான் நல்ல வெளிச்சம் என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். ஆனால் ஒன்பது பாகை அகலக்கோட்டில் அந்த நல்ல வெளிச்சம் வந்த வேகத்திலேயே போய்விடும். பொழுது பட்டதென்று நிமிர்வதற்குள் இருட்டு. நாரந்தனைச் சனம் தோட்டத்தில் தண்ணி மாறுவதும், விறகு கட்டுவதும், வலை காயப்போடுவதும் மற்ற வெளிச்சத்தில்தான்.

மாசிக்குப் பிறகு எனக்கென்று எடுத்த படம் எதிலும் உயிர் இல்லை. எல்லாம் கூர்மையாக இருக்கின்றன, அளவும் சரி. பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை.

யூன் 9

சோளகக் காற்று பிடித்துவிட்டது. தெருப்புழுதியும் கடலின் உப்பும் சேர்ந்து வானம் வெளிறிப்போய் நிற்கிறது. லென்ஸைத் துடைத்துத் துடைத்தே பொழுது போகிறது.

ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் வீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவுகளே காலியானபோது அவர்களும் போனவர்கள். நாற்சார் வீடு. கூரை இல்லை, முற்றத்தின் நடுவே வேம்பு வளர்ந்து முகட்டுக்கு மேலே போயிருக்கிறது. சுவரில் சாமிப்படம் மாட்டிய ஆணி அப்படியே இருக்கிறது. எடுத்தேன். படம் மிக அழகாக வந்தது. இந்த வீடுகளை யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். மேலே திறந்திருப்பதால் வெளிச்சம் மெதுவாக இறங்கும், பாசி பிடித்த சுவர் நிறத்துக்கு உதவும், இல்லாமற்போனவர்களின் துயரத்தைப் பார்க்கிறவரே கொண்டுவந்து சேர்ப்பார். எடுப்பவர் செய்வதற்கு அதிகம் இல்லை.

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் ஓர் ஆச்சி திண்ணையில் இருந்து ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். நான் கமெராவைப் பையில் வைக்கும்போது கேட்டார்: “உந்த இடிவீட்டை எத்தினை பேர் வந்து எடுத்திட்டுப் போட்டினம், தம்பி. முன்வீட்டில நாங்கள் இருக்கிறமல்லோ.”

வீட்டுக்காரருக்கு அந்தப் படத்தின் மேல் உரிமை இருக்கிறது. அவர்கள் கேட்டால் இனியும் எடுத்துக்கொடுப்பேன். ஆனால் என் சொந்த வேலையில் கூரையில்லாத வீடு இனி வராது. ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வரை அப்படியே முப்பது படம் அடுக்கிக் கண்காட்சி வைத்தால், பார்ப்பவர் இந்தத் தீவில் மனிதர் யாரும் இல்லையென்றே நினைப்பார். அது பொய். படம் அழகாக இருப்பதால் எளிதில் நம்பப்படுகிற பொய்.

யூலை 24

ஆடி. கலியாணம் இல்லை, சாமத்தியவீடு இல்லை, அல்பம் அடிக்கிற வேலையும் இல்லை. இப்படி ஒரு மாதம் கிடைத்தால் என்னென்னவோ செய்யலாம் என்று வருடம் முழுக்க நினைத்திருப்பேன். கிடைத்தும் கை ஓடவில்லை.

ஆச்சியிடம் போனேன். என்னைக் கண்டதும் பெட்டியைத் தள்ளி வைத்தார், சீலையை இழுத்துச் சரிசெய்தார், கைகளை மடியில் வைத்து நேரே பார்த்தார். அந்தக் காலத்து ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்கு எடுக்கிற முகம். வேலையைச் செய்யுங்கோ ஆச்சி என்றால் ஓலையைக் கையில் தூக்கிப் பிடிக்கிறார். அவர்மேல் பிழை இல்லை. படம் என்றால் ஆயத்தமாகி இருக்க வேண்டும் என்பது அவர் அறிந்த மரியாதை.

இரவு ஜூலியா மார்கரெட் கமரூனைப் பற்றி வாசித்தேன். நாற்பத்தெட்டு வயதில், 1863இல், மகள் பரிசாகக் கொடுத்த கமெராவோடு தொடங்கியவர். அடுத்த பன்னிரண்டு வருடங்களில் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று இங்கிலாந்தின் பெரிய முகங்களையெல்லாம் எடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கோல்புறூக் – கமரூன் சீர்திருத்தம் என்று படித்தோமே, அந்தக் கமரூன்தான் கணவர். ஜூலியா 1879இல் இங்கேயே இறந்தார். மூன்று வருடத்துக்கு மேல் இருந்தும் இங்கே எடுத்தவற்றில் முப்பதுகூட எஞ்சவில்லை. அவருடைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவியாக வேண்டும். இந்தச் சூட்டில் அது எவ்வளவு கரைச்சல் என்பது எனக்கு விளங்கும். ஆனால் காரணம் அது மட்டுமில்லை என்றே நினைக்கிறேன். 1877இல் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியன் நோர்த்தை அவர் கம்பளித் துணியால் சுற்றி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னாராம். வெப்பமானி 96 பாகை பரனைட் காட்டியதாக நோர்த் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் கைவந்த படத்தை இங்கேயும் எடுக்கப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அவரே தோட்டத் தொழிலாளரை எடுத்த ஒன்றிரண்டில் அந்தப் போர்வையெல்லாம் இல்லை. அவர்கள் சலிப்போடும் சந்தேகத்தோடும் நிற்கிறார்கள். எனக்கு அவைதான் பிடிக்கும்.

ஓகஸ்ட் 30

ஆவணி பிறந்ததும் மூச்சுவிட நேரமில்லை. மணவறை, ட்ரோன், கேக், திரும்பவும் மணவறை. இந்த வேலைதான் சோறு போடுகிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

நேற்று ஒரு செத்தவீடு. சுவிஸிலிருக்கும் மகனுக்கு விசா சரிவரவில்லை. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர், “அண்ணை, அம்மான்ர முகத்துக்குக் கிட்டக் கொண்டு போங்கோ” என்றார். கொண்டு போனேன். ஒப்பாரி சொன்ன பெண்கள் என்னை விலத்தி விலத்தித்தான் அழுதார்கள், ஆனால் ஒருவரும் கமெராவைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆளை மறக்கச் சொல்லிப் பயனில்லை. நிறுத்த முடியாத வேலை நடக்கிற இடத்துக்கு நான்தான் போக வேண்டும்.

செப்டெம்பர் 18

தம்பாட்டிக் கரை. வள்ளம் வந்ததும் வலையைக் குவித்துவிட்டு நண்டு கழட்டத் தொடங்குவார்கள். ஐஸ் பெட்டியோடு வாகனம் நிற்கும். நண்டு காத்திராது, வாகனமும் காத்திராது. கொஞ்ச நாள் கமெரா இல்லாமல் போய் இருந்தேன். பிறகு பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கமெராவைக் கொண்டு போனேன். எடுத்ததை உடனே காட்டச் சொல்லி யாரும் கேட்க முடியாது, எனக்கும் பார்க்க முடியாது.

ஓர் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக்கால் நண்டு ஓட்டின் இரு பக்கமும் முள் வைத்திருக்கும், வலைக்கண் அதில்தான் மாட்டும். இடது உள்ளங்கையால் ஓட்டை அமத்தி, கொடுக்கு இரண்டையும் முன்னால் மடக்கிப் பிடித்து, வலது கையின் பெருவிரல் நகத்தால் நூலை ஒவ்வொரு கண்ணாகத் தள்ளுகிறார். இழுப்பதே இல்லை. “இழுத்தால் கால் முறியும், முறிஞ்சால் விலை இல்லை.” பேசிக்கொண்டும், பிள்ளையை ஏசிக்கொண்டும், குனிந்த தலை நிமிராமல் செய்கிறார்.

உச்சி வெயில்தான். ஆனாலும் முகத்தில் இருள் இல்லை. மடி நிறையக் கிடந்த வெள்ளை நைலோன் வலையும் ஈர மணலும் வெயிலை வாங்கிக் கீழிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தன. தாடைக்கடியில், கண்குழிக்குள், எல்லா இடமும் வெளிச்சம். சித்திரையிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்த அதே வெயில். குனிந்து வேலை செய்கிறவருக்கு அது வேறு மாதிரி விழுகிறது. நிமிர்த்தி நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்காது.

ஒரு சுருள் முழுவதும் முடித்துக்கொண்டுதான் எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது.

ஒக்டோபர் 5

கழுவிக் காயவிட்ட பிலிம் முழுக்க வெள்ளைப் புள்ளி, தேமல் விழுந்தது போல. டெவலப்பருக்கு 20 பாகை வேண்டும். கிணற்றுத் தண்ணி அதைவிட நல்ல சூடு, அதை ஐஸ் வைத்துச் சமாளித்தேன். புள்ளிக்குக் காரணம் சூடு இல்லை, தண்ணியில் உள்ள சுண்ணாம்பும் உவரும். சோளகம் முடிகிற காலத்தில் கிணறு வற்றிப்போய், இரண்டும் கூடுதலாக இருக்கும்.

மனம் மிகவும் விழுந்துவிட்டது. றொபேர்ட் பிராங்க் 1955 முதல் 57 வரை அமெரிக்கா முழுக்க அலைந்து 27,000க்கு மேல் எடுத்து, புத்தகத்தில் வைத்தது 83. அதன் பிறகு நீண்ட காலம் படம் எடுப்பதையே விட்டுச் சினிமாவுக்குப் போனார். இந்தக் கணக்கை நினைத்தால் வழக்கமாக ஆறுதல் வரும். இன்று வரவில்லை. பிலிமைச் சுருட்டி வைத்துவிட்டேன். மழை வரட்டும்.

நவம்பர் 16

மாரி இறங்கிவிட்டது. தகரக் கூரையில் முதல் மழை ஊத்தையைக் கழுவிப்போகவிட்டு, அடுத்த நாள் விழுந்த தண்ணியை வாளியில் பிடித்து, வேட்டித் துணியில் வடித்தேன். பழைய பிலிமைத் திரும்ப ஊறவைத்து, கடைசி அலசலை மழைத்தண்ணியில் செய்தேன். புள்ளி பெரும்பாலும் போய்விட்டது. நெகட்டிவ் தெளிவாக இருக்கிறது. வலையின் வெள்ளையிலும் விவரம் நிற்கிறது.

லயனல் வெண்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. கரையோர மீனவரையும் வயலையும் வெற்றுடம்பில் விழுந்த வெளிச்சத்தையும் அவர் எப்படிப் பார்த்தார் என்று இன்று நாங்கள் அறிவது, அவர் இருட்டறையில் தன் கையால் போட்ட பிரிண்டுகளால்தான். பியானோ பயின்றவர், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் அத்தனை படிகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதனால் நானும் பிரிண்ட் போட்டேன். கைகளும் வலையும் ஒரு நண்டும் உள்ள படம்.

நவம்பர் 23

பிரிண்டைத் தம்பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்து, காயம் இருந்த விரலை வைத்து அது அவருடைய கைதான் என்று உறுதி செய்தார்கள். “வடிவாத்தான் இருக்கு. ஆனா இது நானெண்டு மகளுக்கு எப்பிடித் தெரியும்? முகம் தெரியிற மாதிரி ஒண்டு தாங்கோ தம்பி, அவளுக்கு அனுப்ப வேணும்.”

அந்தச் சுருளில் முகம் உள்ளவை எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றில் கண் மூடியிருக்கிறது, ஒன்றில் பிள்ளையின் தோள் மறைக்கிறது, மற்றவை போதாது. மழை விட்டு வள்ளங்கள் இறங்கினதும் திரும்பப் போக வேண்டும். இரண்டு சுருள் பிலிம் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.