சைலன்ஸரில் கேட்ட 'டமார்'!

அன்று எனக்கு நைட் ஷிஃப்ட். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். 'டமார்' என்று ஒரு சத்தம், ஜெனரேட்டர் புகைக்குழாயில் நெருப்பு, கரண்டியோடு ஓடும் சமையல்காரர்கள். 'முகூர்த்த நேரத்தில் வெடித்த ஜெனரேட்டர்... ஆபரேட்டர் அலட்சியமா?' என்று தலைப்பும் வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குறிதான் எங்கள் டெஸ்க்கின் ஹெல்மெட்!

பப்ளிஷ் கொடுக்கும் முன் அப்பாவுக்கு போன் போட்டேன். கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். 2012 கரன்ட் கட் காலத்தில் அவர் வீட்டில் தூங்கியதைவிட ஜெனரேட்டர் ரூமில் தூங்கியதே அதிகம்.

"சத்தத்துக்கு அப்புறமும் இன்ஜின் ஓடுதா கண்ணு?"

மறுபடி பார்த்தேன். ஓடியது. லைட்கூட அணையவில்லை.

"அப்புறம் எங்க வெடிச்சுது? சைலன்ஸர்ல அடிச்சிருக்கு."

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்கு இன்ஜெக்டர் டீசலைப் புகை மாதிரி தூவ வேண்டும். நாஸில் தேய்ந்து சொட்டினால் முழுதாக எரியாது. ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றினாலும், டைமிங் தவறினாலும், எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே கதைதான். எரியாத டீசல் சைலன்ஸரில் போய்த் தங்கும். பிறகு சூடான புகை வரும்போது அங்கேயே பற்றிக்கொண்டு 'டமார்'.

பெரிய ஜெனரேட்டருக்கு அதைவிடப் பெரிய எதிரி, வேலையே கொடுக்காமல் ஓட்டுவதாம். 30 சதவிகிதத்துக்கும் கீழே லோடு வைத்து மணிக்கணக்கில் ஓட்டினால் இன்ஜின் போதிய சூடேறாது. கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு புகைக்குழாயில் வழியும்.

வீடியோ அனுப்பியவர் மூலம் ஆபரேட்டரைப் பிடித்தேன். "ராத்திரி முழுக்க நாலு லைட்டுக்கும் ஃபேனுக்கும் 250 கே.வி.ஏ ஓடுச்சு மேடம். காலைல எல்லா ஏசியையும் ஒண்ணாப் போட்டாங்க. நாஸில் பார்க்கணும்னு போன மாசமே சொன்னேன். இப்ப என்னை வர வேண்டாம்னுட்டாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. மில்லில் இதே சத்தத்துக்கு அப்பாவுக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள். சர்வீஸ் கேட்டு லாக் புக்கில் அவர் இரண்டு முறை எழுதியிருந்தார். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அந்த வாரம் அம்மா ரேஷன் அரிசியிலேயே ஓட்டினாள்.

தலைப்பை மாற்றினேன். 'ஜெனரேட்டர் சைலன்ஸர் ஏன் வெடிச்சத்தம் போடுகிறது?' எடிட்டர் உதட்டைப் பிதுக்கினார். வியூஸும் சுமார்தான்.

மறுநாள் அப்பாவே கூப்பிட்டார். "அந்தப் பையன் நாஸில் பத்திச் சொன்னதை எழுத்துல குடுத்திருக்கானான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இப்போதுதான் அவருக்கு டயல் செய்துகொண்டிருக்கிறேன்.