ஒற்றை வளையத்தில் நிற்கும் வேலை

வசிஷ்ட கோதாவரி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், அதன் கரையில் இருக்கிறது நரசாபுரம். ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்து ஊர். மதியச் சாப்பாடு முடிந்ததும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் திண்ணைகளில் பெண்கள் கூடுகிறார்கள். மடியில் வெள்ளை நூல்கண்டு, விரலிடுக்கில் நுனி வளைந்த எஃகு ஊசி. பேச்சு ஒரு பக்கம் நடக்க, லேஸ் ஒரு பக்கம் வளர்கிறது.

அப்படி ஒரு திண்ணையில், பள்ளிப்படிப்பை முடித்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய அத்தை முதல் பாடம் சொல்லிக்கொடுப்பதை அருகில் அமர்ந்து பார்த்தேன். குரோஷா என்னும் இந்தக் கொக்கியூசிப் பின்னலில் எல்லாவற்றுக்கும் அடிப்படை செயின் என்னும் கண்ணிச் சங்கிலி. நூலில் ஒரு சுருக்குப் போட்டு ஊசியில் மாட்ட வேண்டும். நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கியில் பிடித்து, ஏற்கெனவே இருக்கும் வளையத்துக்குள் இழுத்தால் ஒரு கண்ணி. சொல்லிமுடிக்க அரை நிமிடம் ஆகாது.

செய்யும்போதுதான் தெரிகிறது. முதல் சில கண்ணிகள் விழுந்தன. அதன்பிறகு வளையம் இறுகி, ஊசி உள்ளே போக மறுத்தது. அத்தை அவளுடைய வலது கையைத் தொடவே இல்லை. இடது கையைப் பிரித்து, நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று விட்டு ஆள்காட்டி விரல்மேல் ஏற்றினார். “அம்மாயி, வலது கை இழுக்கத்தான் செய்யும். அளவு எல்லாம் இந்தக் கையில இருக்கு. நூலை அமுக்காதே, ஓட விடு.”

இன்னொன்றையும் காட்டினார். கொக்கியை ஒட்டி ஊசி ஒடுங்கும் இடத்தில் வளையத்தை நிறுத்தினால் கண்ணி சிறுத்துவிடும். பருத்த தண்டுப் பகுதியில் நிறுத்தினால்தான் ஒரே அளவு வரும். சரியாக விழுந்த செயின், மேலிருந்து பார்க்கக் கதிரில் நெல் அடுக்கினாற்போல் இருக்கும். எண்ணும்போது முதல் சுருக்கைச் சேர்க்கக் கூடாது, ஊசியில் நிற்கும் வளையத்தையும் சேர்க்கக் கூடாது. ஒரு கண்ணி கூடினாலோ குறைந்தாலோ, பின்னால் வரும் பூவின் இதழ்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும்.

“அத்தா, இது போதுமா?” என்று அவள் நீட்டினாள். அவர் பார்த்தார், ஊசியை உருவினார், நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. அத்தனையும் அவிழ்ந்தது. “மறுபடி போடு.”

கம்பளிச் சட்டை பின்னும் நீண்ட ஊசிகளில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசிமேலேயே நிற்கும், நழுவினால் இறங்கிவிடும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு வளையம்தான் உயிரோடு இருக்கும். அதைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, உலை கொதித்தால் எழுந்துபோகலாம். குழந்தை அழுதால் தூக்கலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். வீட்டுவேலைகளின் இடைவெளிக்குள் இவ்வளவு எளிதாக நுழையும் கைத்தொழில் குறைவு.

அந்த வசதியே இந்தப் பெண்களுக்குப் பாதகமாகவும் ஆனது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த மெக்ரே தம்பதி 1844ஆம் ஆண்டில் கோதாவரிப் பகுதிப் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்ததாக இங்கே சொல்கிறார்கள். பிறகு வணிகர்கள் வந்தார்கள், ஏற்றுமதி வந்தது. நூல் ஏஜெண்ட் வழியாக வீட்டுக்கு வரும். பூக்களைப் பின்னுவது சேத்திபனி, அதாவது கைவேலை. அவற்றை ஒன்றாக இணைப்பது அத்துக்குபனி. பூ ஒரு வீட்டில், இணைப்பு இன்னொரு வீட்டில். மேஜை விரிப்பு முழுமையாவதைப் பூப் பின்னியவர் பார்ப்பதில்லை. அது விற்கும் விலையும் அவர் காதுக்கு வருவதில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் இறுதியில் இங்கே வந்து ஆய்வு செய்தார். அவருடைய ‘நரசாபுரத்து லேஸ் பின்னுவோர்’ என்ற நூல் 1982இல் ஆங்கிலத்தில் வெளியானது. வீட்டுவேலை போக நாளெல்லாம் பின்னிய பெண்களின் தினக்கூலி ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை என்று அவர் கணக்கிட்டார். வயலில் கூலிக்குப் போன பெண்கள் இவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனாலும் இவர்கள் ‘சும்மா இருக்கும் நேரத்தில்’ பின்னுகிற இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள். தொழிலாளர் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

திண்ணையில் நான் பார்த்தது ‘சும்மா’ என்ற அந்தக் கருத்துக்கு நேர்மாறு. உண்மையான குரோஷாவைப் பின்னும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இயந்திர லேஸ், வேறு முறையில் தயாராகி இதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதக் கையின் அளவுக்குக் கட்டுப்பட்டு விழுகிறது. அந்த அளவு பிடிபட எத்தனை முறை அவிழ்க்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த இளம்பெண்ணின் நூலே சொன்னது. அவிழ்த்து அவிழ்த்துப் பின்னியதில் அது பிசிறு கிளம்பியிருந்தது.

2024இல் நரசாபுரம் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததையும் இயந்திரத்தில் செய்ததையும் இந்தப் பெயரில் விற்பதைத் தடுக்க அது சட்டப் பிடிமானம். பெயருக்குக் காவல் வந்துவிட்டது; பூவுக்கான கூலியை அது நிர்ணயிப்பதில்லை. அடுத்து செயினை வட்டமாக இணைக்கவும், டபுள் குரோஷா போடவும், பூ எடுக்கவும் அந்தப் பெண் கற்றுக்கொள்வாள். முதல் பூவைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அதற்குப் பிடித்த மணிநேரத்தை எண்ணிக் கூலி கேட்கும் உரிமையும், விரிப்பு என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அவளுக்கு வேண்டும். அவளுடைய அத்தைக்கு இரண்டுமே கிடைத்ததில்லை.