மூன்று விநாடிக்கு ஓர் எண்

பரோடா என்றதும் பலருக்கு லட்சுமி விலாஸ் அரண்மனை ஞாபகம் வரும், நவராத்திரி கர்பா ஞாபகம் வரும். எனக்கு வருவது, மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆய்வு மாணவர்கள் நாங்களே கூடி நடத்திய சனிக்கிழமைக் கூட்டம். எண்பதுகளின் நடுவில் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்தேன். பிறகு ஊருக்கு வந்து, ஆசிரியர் கல்வியியல் கல்லூரியில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாயிற்று. அப்படி ஒரு கூட்டம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

அவ்வளவு தூரம் போய்ப் படிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் கல்வியியல் ஆய்வு என்றால் அன்றைக்குப் பரோடாதான். 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தத் துறையை உயர் ஆய்வு மையமாக அறிவித்திருந்தது. 1974-இல் அங்கிருந்துதான் எம். பி. பூச் தொகுத்த 'கல்வி ஆய்வுகளின் அளவாய்வு' வெளிவந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1943-இல் கல்வியியலில் முதல் முனைவர் பட்டம் வழங்கியதிலிருந்து, நாடெங்கும் நடந்த ஆய்வுகளைத் துறைவாரியாகப் பிரித்துச் சுருக்கம் எழுதி அடுக்கிய தொகுதி அது. ஆய்வாளர் பெயர், தலைப்பு, பல்கலைக்கழகம், ஆண்டு, அதன் கீழே என்ன கேட்டார், எப்படித் தேடினார், என்ன கண்டார் என்று சில பத்திகள். கணினி இல்லாத அந்த நாளில், நமக்கு முன்னால் இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

பெயர் கிடைத்தால் கடிதம் எழுதுவோம். மைசூரில் ஆய்வு செய்து பட்டம் வாங்கிய ஒருவருக்கு, பல்கலைக்கழக முகவரியை மட்டும் போட்டு இன்லண்ட் லெட்டர் அனுப்பினேன். அது எங்கெங்கோ சுற்றி அவர் கைக்குப் போய்ச் சேர, அவர் தன் வினாநிரலின் பிரதி ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். இந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை, இதை இப்படி மாற்றிக் கேளுங்கள் என்று. முகம் தெரியாத ஒருத்திக்கு அவர் அவ்வளவு மெனக்கெட்டார்.

என் ஆய்வு தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. அதுவரை பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வந்த பிள்ளைகளிடம் வகுப்பில் யாராவது பேசுகிறார்களா? இதுதான் என் கேள்வி. அதை அளக்க நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கரான நெட் ஃபிளாண்டர்ஸின் முறை. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை அங்கே நடப்பதை ஓர் எண்ணாகக் குறிக்க வேண்டும். ஆசிரியர் பாராட்டினால் 2, கேள்வி கேட்டால் 4, விளக்கிக்கொண்டே போனால் 5, அதட்டினால் 7. பிள்ளை பதில் சொன்னால் 8, தானாக வாய் திறந்தால் 9. அமைதியோ குழப்பமோ என்றால் 10. நாற்பது நிமிட வகுப்புக்கு எண்ணூறு எண்கள். அவற்றை அடுத்தடுத்து இரண்டிரண்டாக எடுத்துப் பத்துக்குப் பத்துக் கட்டத்தில் கோடு கிழித்து நிரப்பினால், அந்த வகுப்பில் யார் பேசினார்கள், யாருடைய பேச்சுக்குப் பின் யார் வாயடைத்தார்கள் என்பது கண்முன் வந்துவிடும்.

ஆனால் ஒருவர் குறித்த எண்ணை யாரும் ஏற்கமாட்டார்கள். இன்னொருவரும் தனியாகக் குறித்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட வேண்டும். அந்த முறையே எங்களை ஒன்றாக உட்கார வைத்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நான் பதிவு செய்து கொண்டுபோன கேசட்டுகளைக் கேட்கத் தமிழ் தெரிந்தவர் வேண்டுமே. மனையியல் படிக்க வந்திருந்த திருநெல்வேலி அக்கா ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு விடுதி அறையில் என்னோடு உட்காருவார். டேப் ஓடும், இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு குறிப்போம். பிறகு ஒப்பிடும்போது சண்டை வரும். "ஏட்டி, இது எட்டு இல்ல, ஒம்பது. அந்தப் பய யாரும் கேக்காமத்தான் சொல்லுதான்" என்பார். திரும்ப ஓட்டிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. யாருடைய அத்தியாயமோ அவர் புதன்கிழமையே கார்பன் பிரதிகளைக் கொடுத்துவிட வேண்டும். படிக்காமல் யாரும் வரக்கூடாது. ஒரிசாவிலிருந்து ஒருவர், மணிப்பூரிலிருந்து ஒருவர், சூரத், பூனா, கேரளம் என்று பல ஊர்க்காரர்கள். நெறியாளர்கள் சில நாள் வந்து உட்காருவார்கள். பேச மாட்டார்கள், கேட்பார்கள்.

என் முறை வந்தபோது, பஞ்சமகால் மாவட்டத்துப் பழங்குடிப் பள்ளியில் ஆசிரியராக இருந்துவிட்டு வந்த நண்பர் என் கட்டத்தை நெடுநேரம் பார்த்தார். குஜராத்திலும் 1984-இல் மதிய உணவு தொடங்கியிருந்ததால் அவருக்கு விஷயம் தெரியும். "வகுப்பு முழுவதும் இதில் இருக்கிறது. சோற்றுக்காக வந்த பிள்ளை எங்கே?" என்று கேட்டார். ஃபிளாண்டர்ஸின் எண்கள் வகுப்பை ஒட்டுமொத்தமாகத்தான் பார்க்கும். எந்தப் பிள்ளை பேசியது என்று சொல்லாது. அன்று மாலை விளக்கு வைக்கும்வரை அதையே பேசினோம். சத்துணவுக்குப் பின் சேர்ந்த பிள்ளை பேசினாலும், அந்தப் பிள்ளையிடம் ஆசிரியர் பேசினாலும், எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது என்று முடிவாயிற்று. எதிர்த்து வாதிட்டவரும் அதில் இருந்தார், வட்டத்துக்கு வழி சொன்னவரும் இருந்தார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்த வட்டங்களைப் பற்றியது. அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

கூட்டம் முடிந்து எல்லாரும் சேவ் உசல் சாப்பிடப் போவோம். விடுமுறைக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஊர் வரும்போதும் யாராவது ஒருவருடைய அத்தியாயம் என் பையில் இருக்கும்.

இப்போது என்னை வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அழைக்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் வேலை பார்த்துக்கொண்டே இரவில் எழுதி முடித்தவர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்கள் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். வசதிகளும் எங்களுக்குக் கனவில்கூட இல்லாதவை. சோத்கங்கா தளத்தைத் திறந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் முழுதாகக் கிடைக்கின்றன. நாங்கள் சுருக்கத்தைப் படித்துவிட்டு முழு நூலுக்காக ரயில் ஏறினோம். ஆனால், "இந்த அத்தியாயத்தை உங்கள் நெறியாளர் தவிர யார் படித்தார்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. ஒப்புமைச் சதவீதம் எவ்வளவு என்று மென்பொருள் சொல்லிவிடுகிறது. சோற்றுக்காக வந்த பிள்ளை எங்கே என்று அது கேட்காது. அதைக் கேட்க, தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நம் தாளைப் படிக்கும் ஒரு மனிதர் வேண்டும். எனக்கு அப்படிப் பலர் கிடைத்தார்கள். அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் மனம் அவர்களைத்தான் தேடுகிறது.

கல்வியியலில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் உங்களைப் போல நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சேர்ந்து உட்காருங்கள். பள்ளிக்கூட அறை போதும். அத்தியாயத்தை மூன்று நாள் முன்னால் கொடுத்துவிடுங்கள். படிக்காமல் யாரும் வராதீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வேட்டை எழுதியவர் உயிரோடு இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். கூட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.