பாதியில் நின்றவர்

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலம். பள்ளி விளையாட்டு விழாவில் ரிலே ஓட்டம், மூன்றாவது ஆள் நான். பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலாவதாக ஓட வேண்டிய நண்பன் நீட்டிய கையோடு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் முசியே திட்டவில்லை. ஆர்தர் விண்ட் கதையைச் சொன்னார்.

ஜமைக்காக்காரர். ஆறடிக்கு மேல் நாலு அங்குல உயரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானி. போர் முடிந்ததும் லண்டனில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 46.2 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஜமைக்காவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். 800 மீட்டரில் வெள்ளி. ஆனால் 4x400 ரிலேயின் இறுதிப் போட்டியில், மூன்றாவது ஆளாக ஓடியபோது தசை பிடித்து நின்றுவிட்டார். அவர் அணி ஓட்டத்தை முடிக்கவே இல்லை.

நாலு வருஷம் கழித்து, 1952இல் ஹெல்சிங்கி. அப்போது அவருக்கு வயது 32. 800 மீட்டரில் மறுபடியும் வெள்ளி. ரிலேயில் இந்த முறை முதல் ஆளாக ஓடினார். அடுத்து லெஸ்லி லாய்ங், ஹெர்ப் மெக்கன்லி, ஜார்ஜ் ரோடன். 3 நிமிடம் 3.9 விநாடி, உலக சாதனை. அமெரிக்கா 0.1 விநாடி பின்னால் வந்தது.

மறு வருஷமே டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு ஊர் திரும்பி, ஹனோவர் என்ற கிராமப்புறப் பகுதியில் வைத்தியம் பார்த்தார். 1974 முதல் 1978 வரை பிரிட்டனில் ஜமைக்காவின் ஹைகமிஷனராகவும் இருந்தார். 1992இல் காலமானார்.

"அடுத்த வருஷம் நீயும் ஓடு" என்றார் முசியே. நான் ஓடவில்லை. வேலைக்கு வந்த பிறகு இலாகா தேர்வில் ஒருமுறை தவறினேன், மறுபடி எழுதவில்லை. எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். யார் மேலும் குறையில்லை. என் கால் பிடித்தது ஒரே ஒரு நாள்தான். பயம்தான் முப்பது வருஷம் பிடித்து வைத்திருந்தது.

போன மாதம் பேரன் ஒரு தேர்வில் தவறி, சாப்பிடாமல் படுத்திருந்தான். விண்ட் கதையைச் சொன்னேன். இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத என் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"திரும்ப எழுதறேன் தாத்தா. சாப்பாடு போடச் சொல்லுங்க" என்றான்.