லாங் ஐலண்டில் கப்பல் வரும் நாள்

நடு அந்தமானின் கீழ்க்கரையை அடுத்துள்ள லாங் ஐலண்டைப் பற்றி நம்மவருள் பலர் கேள்வியுற்றிரார். 1970களிலும் 1980களிலும் எங்கள் குடும்பம் அத்தீவில் வாழ்ந்தது. ஒட்டுப்பலகை ஆலையில் தந்தையாருக்கு வேலை. சென்னையில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் வங்கக்கடலைக் கடந்து போர்ட் பிளேயரில் இறங்குவோம். (2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் நாவிலோ பழைய பெயர்தான் வருகிறது.) அங்கிருந்து சிறு கப்பலில் ஏறினால்தான் ஊர் வந்து சேரும்.

பொழுதை எங்களுக்கு அறிவித்தது ஆலைச் சங்கு. இந்திய நேரப்படியே கடிகாரம் ஓடியதால், மார்கழியில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். காட்டில் யானைகள் இழுத்து வந்த பெருமரங்களைக் கடலில் இறக்கிக் கட்டி, ஆலைக்கு இழுத்து வருவார்கள். படாக் மரம் நீரில் ஆழ்ந்துவிடும்; ஆகையால் மிதக்கும் மரங்களோடு அதைப் பிணைப்பார்கள். உரித்தெடுத்த மரத்தின் நடுத்தண்டுதான் எங்கள் அடுப்புக்கு விறகு. மீனுக்குக் குறைவில்லை, வெங்காயத்திற்கும் புளிக்கும் கப்பலை நோக்கியிருக்க வேண்டும். அன்னையார் ஊரிலிருந்து கொணர்ந்த சுண்டைவற்றலை எண்ணி எண்ணித்தான் வறுப்பார்.

அண்டை வீட்டார் வங்காளிகள். அப்பால் ராஞ்சியிலிருந்து வந்த தொழிலாளர்கள், தெலுங்கர், மலையாளிகள். எல்லாரும் பேசியது இந்தி. இலக்கணம் பார்த்தால் யாருடையதும் தேறாது!

ஒரு வருஷம் தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசிப் பல நாள் கப்பல் வரவில்லை. பின்னர் வந்த தபாலில் மூன்று கடிதங்கள் ஒன்றாக இருந்தன. பாட்டிக்கு உடல்நலமில்லை என்றது முதற்கடிதம். உடனே புறப்படுக என்றது இரண்டாவது. மூன்றாவதைப் பிரித்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. தந்தையார் கடலோரம் சென்று தலைமுழுகி வந்தார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அண்டை வீட்டு வங்காளி அம்மையார், நாங்கள் ‘தீதி’ என்று அழைப்பவர், சோறும் பருப்பும் கொணர்ந்து வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாது அன்னையாரின் அருகில் அமர்ந்திருந்தார். உறவினர் நூறு பேர் வந்திருந்தாலும் அத்தகைய ஆறுதல் கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

பிற்காலத்தில் ஆலை ஓய்ந்தது. 2002 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் இட்ட ஆணை, அந்தமான் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுவதைத் தடுத்தது. காடு பிழைத்தது நன்றே. அதனை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் மரத்தை நம்பிக் கடல்கடந்த குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. சிலர் மதுரைப் பக்கம் திரும்பினர், சிலர் போர்ட் பிளேயரில் கடை வைத்தனர். தீதியின் குடும்பம் எங்கே சென்றதென்று எங்களுக்குத் தெரியாது.

அவ்வாலைக் குடியிருப்பில் வாழ்ந்த அன்பர் எவரேனும் இவ்விதழைப் படிக்க நேர்ந்தால், சங்கத்தின் முகவரிக்கு இரண்டு வரி எழுத வேண்டுகிறோம். அன்னையார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.