நான் எழுதாமல் விட்ட இரண்டு எண்கள்

2014இல், என் முதுநிலைப் படிப்பின் ஆய்வறிக்கையில் நான் ஒரு பொய் எழுதினேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் கிரில் பட்டறை. கம்பியைப் பற்றவைத்ததும் வைஸில் பிடித்து வளைத்துப் பார்ப்பார். விட்டுப்போனால் அறுத்துவிட்டு மறுபடி வைப்பார். அந்தப் பட்டறையில் வளர்ந்தவன் நான்.

என் ஆய்வு, அலுமினியத்தை உருக்காமலே இணைக்கும் உராய்வுக் கலக்கல் வெல்டிங். 1991இல் இங்கிலாந்தில் பிறந்த முறை. சுழலும் டூலை இரு தகடுகள் சேரும் இடத்தில் இறக்கி நகர்த்தினால், உராய்வுச் சூட்டில் உலோகம் இளகி, பிசைந்த மாவுபோல் கலந்துவிடும். உருகாததால், உறையும்போது வரும் விரிசல் இல்லை. ராக்கெட்டின் எரிபொருள் டாங்குகளைக்கூட இப்படி இணைக்கிறார்கள்.

நான் எடுத்தது 6061 டி6 கலவை, 6 மில்லிமீட்டர் தகடு. அதன் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். அந்த வலு, உள்ளே நுண்ணியதாய்ப் பரவிய மெக்னீசியம்-சிலிக்கான் சேர்மத் துகள்களால் வருவது. வெல்டிங் சூட்டில் அவை பருத்துவிடுவதால் பக்கத்து உலோகம் மெலிகிறது. நல்ல இணைப்பு அந்த மெலிந்த இடத்தில்தான் அறும்.

முதல் தகட்டில் வெட்டி, இயந்திரத்தில் இழுத்துப் பார்த்த மூன்று சாம்பிள்களும் அப்படித்தான் அறுந்தன: 212, 208, 216. பிறகு டூலின் முனை உடைந்தது. கடைந்து சரிசெய்தேன். நீளத்தை மறுபடி அளக்கவில்லை. இரண்டாம் தகட்டின் இரண்டு சாம்பிள்கள் 118லும் 131லும் நடுவிலேயே பிளந்தன. குட்டையான முனை அடிவரை எட்டாமல், கீழே தகடுகள் சேராமலே இருந்திருக்கின்றன. மேலே பார்த்தால் வெல்டிங் வழவழவென்று இருந்தது.

ஐந்தின் சராசரி 177. அந்த இரண்டையும் ‘இயந்திரத்தின் பிடி வழுக்கியது’ என்று தள்ளிவிட்டு 212 என்று எழுதினேன். சமர்ப்பிக்க நான்கு நாள்தான் இருந்தது என்பது காரணம் ஆகாது. பிடி வழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு ஒரு ஜூனியர் என் எண்களை நம்பி, நான் பெட்டியில் விட்டுவந்த அதே டூலை மாட்டினான். நான்கு மாதம் அவன் இணைப்புகளுக்கு வலிமை வரவில்லை. “எனக்குக் கை சரியில்லண்ணா” என்று போனில் அழுதான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சென்ற கார்த்திகையில்தான் அவனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ணா” என்றான். என் வழிகாட்டிக்கும் ஐந்து எண்களையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

சோதனைக்கூடத்தில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெல்டிங்கின் அடிப்பக்கம் வெளியே வரும்படி ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள்; டூலை அளந்து மாட்டுங்கள். ஐந்து அறுந்தால் ஐந்தையும் எழுதுங்கள். பாரம் ஏறும்போது இணைப்பு சராசரியில் அறுவதில்லை, பலவீனமான இடத்தில்தான் அறும்.