ரெண்டு தப்பு, ஒரு சரி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஒவ்வொரு தடவையும் நாலு வரியோட நிறுத்தின சமாச்சாரம் இது. கார் பத்தினதுதான். கார் புடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. நடுவுல பத்தாங்கிளாஸ் கணக்கு ஒண்ணு வரும், அவ்வளவுதான்.

2022ல மிச்சிகன்ல நோவைங்கிற ஊர்ல இருந்தேன். ரூம்மேட் கரூர்க்காரன், நம்மளை மாதிரியே பொட்டி தட்டுறவன். சேர்த்து வச்ச காசுல ஒரு பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வாங்கினான். 2005 மாடல். போனட்டு மேல மூக்கு வச்சிருக்குமே, அதே வண்டி. 2 லிட்டர் டர்போ இன்ஜின், 227 குதிரைத்திறன். வாங்கி ரெண்டு மாசத்துல அது பத்தலை அவனுக்கு. எஸ்டிஐ மாடல்ல வர்ற பெரிய டர்போ ஒண்ணு கைக்கு வந்தது. "மச்சி, மாட்டிருவோமா?"ன்னான். இன்ஜினியரிங் படிச்ச திமிர்ல நானும் "ஓ, மாட்டிருவோமே"ன்னுட்டேன்.

டர்போ செய்யறது ஒண்ணுதான். காத்தை அமுக்கி உள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூடணும். பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர் சின்னதா இருந்தா எவ்வளவு பெரிய டர்போ போட்டும் பிரயோஜனம் இல்லை. சரி, எவ்வளவு பெரிய இன்ஜெக்டர் வேணும்? டர்போ வண்டிக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல்னு வழக்கமா ஒரு கணக்கு வச்சிருக்காங்க. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது, 85 சதவீதம்தான் எல்லை. வண்டியோட வந்த இன்ஜெக்டர் நிமிஷத்துக்கு சுமார் 420 சிசி, அதாவது மணிக்கு 40 பவுண்டு. நாலு இன்ஜெக்டர், 85 சதவீதம், மொத்தம் 136 பவுண்டு. 0.6 ஆல வகுத்தா 227!

கம்பெனி சொன்ன அதே நம்பர். ராத்திரி ஒரு மணிக்கு அவனை எழுப்பிக் காட்டினேன். அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, பரீட்சையில விடை கரெக்டா வந்த மாதிரி. எங்களுக்கு வேண்டியது 280 குதிரை. அதையே திருப்பிப் போட்டா ஒரு இன்ஜெக்டருக்கு 519 சிசி. அடுத்த சைஸ் 550. பழைய செட் ஒண்ணு சுத்தம் பண்ணி வித்தாங்க, வாங்கிட்டோம். அக்டோபர்ல ஒரு நண்பரோட கராஜ்ல சனி ஞாயிறு ரெண்டு நாள் கை காலெல்லாம் கிரீஸோட உருண்டு மாட்டி முடிச்சோம்.

இனிமேதான் நம்ம ஏரியா. இன்ஜெக்டரை மாத்தினா போதாது, ஈசியூகிட்ட சொல்லணும். அது பாட்டுக்கு இன்னும் 420னு நினைச்சுக்கிட்டு அதே நேரம் திறந்து வைக்கும், 31 சதவீதம் பெட்ரோல் அதிகமா கொட்டும். ரோம்ரெய்டர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. ஈசியூல இருந்து எடுத்த மேப்பை அதுல திறந்து நம்பரை மாத்தலாம். ஒரு இடத்துல 550னு போட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஐடில்ல ஒரே உதறல். பெட்ரோல் 20 சதவீதம் பத்தலைன்னு காட்டுது.

இங்கதான் அந்தப் பத்தாங்கிளாஸ் கணக்கு. y = mx + c ஞாபகம் இருக்கா? இன்ஜெக்டருக்கு கரண்ட் கொடுத்த உடனே அது திறக்காது, ஒரு மில்லி செகண்ட் போல எடுத்துக்கும். அதான் c. பேட்டரி வோல்டேஜ் குறைஞ்சா இன்னும் லேட்டாகும். எவ்வளவு சிசிங்கிறது m. புது இன்ஜெக்டருக்கு m மட்டும் இல்லை, c-யும் வேற. மேப்ல இருந்ததோ பழைய 0.7. வித்தவன் கொடுத்த சீட்டுல c பத்தி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அப்போ c-ன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

ஐடில்ல இன்ஜெக்டர் உண்மையா திறந்திருக்க வேண்டியது 1.5 மில்லி செகண்ட்தான். அதுல 0.3 குறைஞ்சா அஞ்சுல ஒரு பங்கு போச்சு. ஃபுல் த்ராட்டில்ல 14 மில்லி செகண்ட் வேணும், அங்க 0.3 எல்லாம் கொசுறு. இது தெரியாத நான் என்ன பண்ணேன்? "550ன்னு பொய் சொல்லி வித்துட்டான்"னு அந்த மனுஷனைத் திட்டிட்டு, m-ஐக் குறைச்சு 458னு போட்டேன். ஐடில் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. (அவர் நல்ல மனுஷன். இன்ஜெக்டர் சரியா 550தான்.)

ரோட்டுக்குப் போய் மிதிச்சா பின்னாடி கரும்புகை. 9.5க்கு 1. கொஞ்சம் விளக்கிடறேன். 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல்னா ரெண்டும் மிச்சமில்லாம எரியும். டர்போ அழுத்தத்துல அப்படி ஓட்டினா சிலிண்டர் சூட்டுல கலவை தானா வெடிக்க ஆரம்பிக்கும், நாக்கிங். அதனால வேணும்னே பெட்ரோலைக் கூட்டி 11.2 மாதிரி வைப்பாங்க, மிச்ச பெட்ரோல் ஆவியாகி உள்ள குளிர வைக்கும். 9.5ங்கிறது ஓவர், பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலையே கழுவிடும். ஊர்ல ஆர்எக்ஸ் 100க்கு பிளக்கைக் கழட்டிப் பார்த்து, கறுப்பா இருந்தா ஜாஸ்தி, வெள்ளையா இருந்தா கம்மி, காப்பி கலர்ல இருந்தா சரின்னு மெக்கானிக் அண்ணன் சொல்லுவாரே, அதேதான். எங்ககிட்ட லேப்டாப்போட சேர்த்து மாட்டுற ஆக்ஸிஜன் சென்சார் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

சரின்னு ஃபுல் லோடுக்கான டேபிளைத் திறந்து 11.2 இருந்த கட்டங்கள்ல எல்லாம் 13.2னு அடிச்சேன். கேட்டா 13.2, வர்றது 11.2. ஆஹா, பிரமாதம். ஏன் அப்படி அடிச்சேன்னு எங்கேயும் குறிச்சு வைக்கலை. ஆபீஸ்ல கமெண்ட் இல்லாம கோட் எழுதறவனை மூணு பக்கத்துக்குத் திட்டுற ஆளு நான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டி பறந்துச்சு. ஜனவரி காலையில மட்டும் ஸ்டார்ட் ஆகறதுக்கு அடம் புடிக்கும். ஏன்னு தேடப் போய்தான் c பத்திப் படிச்சேன். வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி அந்த இன்ஜெக்டருக்கு யாரோ அளந்து வச்ச நம்பர்கள் கிடைச்சது. 2023 மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, c-ஐச் சரி பண்ணி, m-ஐ மறுபடி 550 ஆக்கி, ரொம்ப நேர்மையா சுத்தம் பண்ணேன். ஸ்டார்ட் ஒரே அடி. ஐடில் அருமை. ஹைவேல சீரா ஓட்டினா திருத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். லேப்டாப்பையும் சென்சாரையும் கழட்டிப் பையில போட்டுட்டு "இப்பதான்டா வண்டி சரியாச்சு"ன்னு சாவியைக் கொடுத்தேன்.

அந்த 13.2 டேபிள்லயே இருந்தது.

பதினோரு நாள் ஓட்டியிருக்கான். தினம் ஆபீஸ் போற வழியில ஹைவே ஏறுற இடத்துல ஒரு மிதி. இப்போ கேட்டா 13.2, வர்றதும் 13.2. ஈசியூ நாக் சென்சாரைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாத்தத்தான் பார்த்திருக்கும். ஒரு திங்கள்கிழமை நீலப்புகையோட தள்ளாடி வந்து சேர்ந்தான். கம்ப்ரஷன் பார்த்தா மூணு சிலிண்டர் 140க்கு மேல, நாலாவது 60. பிஸ்டன்ல ரிங் உட்கார்ற வரப்பு உடைஞ்சிருந்தது.

"விடு மச்சி, பதினெட்டு வருஷ வண்டி. இந்த இன்ஜினுக்கு இது வழக்கமான வியாதிதானாமே"ன்னான். நானும் தலையாட்டினேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி சும்மா மேப்பைத் திறந்து பார்த்தேன். அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை லாக்கையும். அன்னைக்கே ஒரு மூணு செகண்ட் அவன் முழுசா மிதிச்சிருக்கான், 13.1னு தெளிவா பதிவாகியிருக்கு. நான் ஐடில் இருக்கிற வரிகளை மட்டும் பார்த்துட்டு மூடிட்டேன்.

புதன், வியாழன் ரெண்டு நாளும் ஆபீஸ்ல ஆணி எதுவும் ஓடலை. சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. அவனுக்கு மேப் படிக்கத் தெரியாது. ஃபைலை அழிச்சா முடிஞ்சுது. இன்ஜின் திரும்பக் கட்ட 4,200 டாலர்னு எஸ்டிமேட் வந்திருந்தது. ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு வச்சிருந்த காசை எடுத்து அவன் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான், என் கண்ணு முன்னாடியே. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது சொல்லிட்டேன். லேப்டாப்பைத் திறந்து அந்தக் கட்டங்களையும் காட்டினேன்.

அவன் திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி"ன்னான். தட்டைக் கழுவி வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டான்.

இன்ஜின் காசு முழுசும் நான்தான் கொடுத்தேன். முதல்ல வேணாம்னான், அப்புறம் வாங்கிக்கிட்டான். அந்த வருஷம் அவன் ஊருக்குப் போனான், நான் போகலை. புது இன்ஜினை டைனோ வச்சிருக்கிற ஒரு ட்யூனர்கிட்டதான் விட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "இன்ஜெக்டரோட லேட்டன்சி டேட்டா இருக்கா?" நான் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். கொஞ்ச மாசம் எங்களுக்குள்ள வாடகை, மளிகை தவிர வேற பேச்சு இல்லை. அதுவா எப்போ சரியாச்சுன்னு சொல்லத் தெரியலை.

இப்போ அவன் வேற வீட்டுல இருக்கான், கல்யாணம் ஆயிடுச்சு. வண்டி அவன்கிட்டேயேதான் இருக்கு. போன மாசம் போன் பண்ணான். "மச்சி, ஐடில்ல கொஞ்சம் இழுக்குது. லேப்டாப்பை எடுத்துட்டு வாயேன்." போனேன். பின் சீட்டுல உட்கார்ந்து லாக் மட்டும் எடுத்தேன். கடைசி வரிவரைக்கும் ரெண்டு தடவை படிச்சேன். இன்டேக் ஹோஸ்ல ஒரு கிளாம்ப் லூஸ். ஸ்க்ரூடிரைவர் கேட்டேன்.